வானவில்லின் கால்

ஜெபக்குமாருக்கு ஆறு வயது. ஆள் பார்க்க ஒரு பிடிதான் இருப்பான். ஆனால் ஒன்று வேண்டும் என்று நினைத்துவிட்டால், அந்த நினைப்பை மாற்ற வல்லத்திராக்கோட்டையில் யாராலும் ஆகாது.

அவனுடைய அக்கா ஷர்லி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. பத்தே நிமிடம்தான். பிறகு மழை கிழக்கே நகர்ந்து போனது. அந்தப் பக்கம் ஒரு வானவில் எழுந்து நின்றது. அரைகுறை வானவில் இல்லை. இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று முழு வானவில்.

"அக்கா, அந்தக் கால் புளியமரத்துல நிக்குது" என்றான் ஜெபக்குமார்.

உண்மைதான். மெயின்ரோட்டைத் தாண்டினால் ஒற்றைப் புளியமரம் ஒன்று உண்டு. அதன் தலையில் பச்சையும் ஊதாவும் இறங்கியிருந்தன.

"போய்த் தொட்டுட்டு வந்துருவோமா?"

பெரியவளாக இருந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் ஷர்லிதான். ஆனால் அவளுக்கும் ஆசை இருந்தது. அம்மாவின் சைக்கிளை எடுத்தாள். "ஏறு" என்றாள்.

சைக்கிள் அவளுக்கு உயரம். நின்றுகொண்டேதான் மிதிக்க வேண்டும். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த தம்பி விரட்டிக்கொண்டே வந்தான்.

"அழுத்துக்கா. மரத்த விட்டுப் போகுது. பனமரத்துக்குப் போயிருச்சு. இன்னும் அழுத்துக்கா."

ஷர்லி அழுத்தினாள். கண் வானத்தில் இருந்தது. சாலை போடுவதற்காக மெயின்ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். அது கண்ணில் படவே இல்லை. முன்சக்கரம் வழுக்கியது. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

ஷர்லிக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஜெபக்குமாருக்கு வலதுகாலில் எலும்பு முறிவு.

புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போய் மாவுக்கட்டுப் போட்டார்கள். "நாலு வாரம். கட்டு நனையக் கூடாது" என்றார் டாக்டர். அம்மா அடைக்கலமேரி வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் திட்டினாள். ஷர்லி தம்பியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வலிக்குதாடா?" என்று கேட்டாள்.

ஜெபக்குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வலியால் இல்லை.

"நீ மெதுவாப் போன. அதான் தப்பிச்சிருச்சு."

"நான் மெதுவாவா போனேன்? மூச்சே முட்டிப் போச்சுடா."

"கட்டுப் பிரிக்கட்டும். நான் தனியாப் போயிக்கிறேன். நீ ஒண்ணும் வர வேணாம்."

ஷர்லிக்குப் பகீர் என்றது. மெயின்ரோட்டில் கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் நாள் முழுக்கப் பறக்கும். பெரியவர்களே இரண்டு பக்கமும் பார்த்து நின்றுதான் கடப்பார்கள். வானவில்லைப் பார்த்தபடி ஓடுகிற பிள்ளை லாரியைப் பார்க்குமா? பத்து வயதுக்காரி அவளே ஜல்லியைப் பார்க்கவில்லையே.

"அதுகிட்ட யாராலயும் போக முடியாதுடா" என்றாள்.

"ஒன்னால போக முடியலன்னா யாராலயும் போக முடியாதா?"

ஷர்லி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அம்மாவிடம் சொன்னாள். "கட்டுப் பிரிக்கிற அன்னைக்கு ரெண்டு வச்சாச் சரியாப் போயிரும்" என்றாள் அம்மா. அப்பா மரியசெல்வம் மினிபஸ் ஓட்டுகிறவர். அவர் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, பன்னெண்டு வருசமா வண்டி ஓட்டுறேன். எத்தனையோ தடவை வானவில்லுக்கு நேரா ஓட்டியிருக்கேன். அது ஒரு ஸ்டாப்லயும் நின்னது இல்லப்பா."

"நீங்க ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்துவீங்க. அதான் புடிக்க முடியல" என்றான் ஜெபக்குமார்.

அப்பா சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஷர்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா வைக்கும் இரண்டும் பத்தாது, அப்பாவின் பேச்சும் பத்தாது. தம்பியை அவளுக்குத் தெரியும். அவன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான். கட்டுப் பிரிப்பதற்குள் அவனுக்கு அதைக் காட்டியாக வேண்டும். எப்படிக் காட்டுவது என்று தெரியாது, ஆனாலும் காட்டியே தீருவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பள்ளிக்கூட நூலக அலமாரியைக் குடைந்து ஒரு புத்தகத்தைக் கண்டுபிடித்தாள். வெயில் மழைத்துளிக்குள் நுழைகிறது. உள்ளே வளைந்து, பின்சுவரில் பட்டுத் திரும்பி, மறுபடி வளைந்து வெளியே வருகிறது. அப்படி வரும்போது நிறம் நிறமாகப் பிரிந்துவிடுகிறது. பார்க்கிறவர் முதுகில் வெயில் இருக்க வேண்டும், முகத்துக்கு எதிரே மழை இருக்க வேண்டும். இவ்வளவும் அதில் இருந்தது. கால் எங்கே நிற்கும் என்பது மட்டும் இல்லை.

"நாமளே கண்டுபிடிப்போம்" என்றாள் அவளுடைய கூட்டாளி கார்முகில்.

கார்முகிலின் ஊர் கிழக்கே இரண்டு கிலோமீட்டர். அங்கே ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டி உண்டு. ஷர்லி வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் ஏறினால் அது தெரியும். அடுத்த வானவில் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அம்மாக்களின் போனில் பேசிக்கொள்வது என்று முடிவானது.

வியாழக்கிழமையே மழை வந்தது. வானவில்லும் வந்தது. ஷர்லி போனை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

"கார்முகில், எங்க இருக்க?"

"தொட்டிக்கு அடியில நிக்கிறேன். லேசாத் தூறுது."

"அடியே, ஒங்க தொட்டி மேலதான் நிக்குது. நேரா ஒன் தலையிலதான் நிக்குது. மேல பாரு."

"இங்க ஒண்ணும் இல்லியே."

"நல்லாப் பாருடி. செவப்புகூடத் தெரியுது."

"ஒனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா? அது இன்னும் அங்கிட்டு நிக்குது. செங்கச் சூளைக்கிட்ட."

"பொய் சொல்லாத."

"நீ சொல்றதுதான் பொய்."

இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு பிரிவேளை பேச்சுவார்த்தையே இல்லை. இடைவேளையில் ஷர்லி ஒரு குச்சியை எடுத்து மைதானத்து மண்ணில் கோடு போட்டாள். கண்மாய்க் கரை, தொட்டி, செங்கல் சூளை. கார்முகில் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு கிட்ட வந்து குனிந்தாள்.

"நான் சத்தியமாப் பொய் சொல்லல" என்றாள்.

"நானும் சொல்லல."

"அப்ப ரெண்டு பேருக்கும் ரெண்டு வானவில்லா?"

ஷர்லி குச்சியைக் கீழே வைக்காமல் யோசித்தாள். ஒரு துளியிலிருந்து வரும் வெளிச்சம் ஒரு பக்கமாகத்தான் வருகிறது. தன் கண்ணுக்கு வெளிச்சம் அனுப்பும் துளி வேறு, கார்முகில் கண்ணுக்கு அனுப்பும் துளி வேறு. தான் நகர்ந்தால் துளிகளும் மாறிவிடும். அதனால்தான் சைக்கிள் போகப் போக அதுவும் போயிருக்கிறது. ஆகாய விமானத்தில் துரத்தினாலும் அப்படித்தான்.

"அப்ப நேத்து நான் வானவில்லுக்குக் கீழயா நின்னேன்?" என்றாள் கார்முகில்.

"நான் பாக்கையில நீ அதுலதான் நின்ன. ஒனக்குத்தான் தெரியல."

"அட, சும்மா நின்னதுக்கு இவ்வளவா" என்றாள் கார்முகில். கோபம் போயே போய்விட்டது.

கண்டுபிடித்தது சரி. தம்பிக்குக் காட்ட வேண்டுமே. அந்த வியாழக்கிழமையோடு மழை நின்றுவிட்டது. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஷர்லி மைதானத்தில் வரைந்ததை வீட்டு வாசலில் வரைந்து காட்டினாள். ஜெபக்குமார் கொட்டாவி விட்டான்.

வாயில் தண்ணீரை நிறைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புஸ்ஸென்று ஊதினாள். சின்னதாக நிறம் தெரிந்து மறைந்தது. அம்மாவின் காய்ந்த துணிகளும் நனைந்தன. அதற்கு வேறு திட்டு விழுந்தது. பிறகு ரப்பர் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சினாள். இந்தத் தடவை நன்றாகவே தெரிந்தது.

"பாத்தியாடா?"

"பாத்தேன். இது குட்டி" என்றான் ஜெபக்குமார். "கால் எங்க இருக்கு? ஆள் நிக்கிற மாதிரி இருக்கணும்."

"அவ்வளவு தண்ணிக்கு எங்கடா போறது?"

"அதான் நான் ரோட்டுக்கு அங்கிட்டுப் போறேன்னு சொல்றேன்ல."

கட்டுப் பிரிப்பது சனிக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் கார்முகிலும் ஷர்லியும் பள்ளிக்கூடம் விட்டு ஆண்டிச்சாமியின் கடலைக்காட்டு வழியாக நடந்து வந்தார்கள். மழை இல்லாததால் கடலைச் செடிகள் வாடியிருந்தன. ஆண்டிச்சாமி மழைத்தூவானைப் போட்டிருந்தார். மூன்று கால் தாங்கியின் மேல் ஒரு நீளமான குழாய் சுற்றிச் சுற்றி வந்து, காடு முழுக்க மழை மாதிரித் தண்ணீரை வீசும். கார்முகில் வேண்டுமென்றே அதில் நனைந்துகொண்டு முன்னால் ஓடினாள்.

பின்னால் வந்த ஷர்லி நின்றாள். வெயில் அவள் முதுகில் இருந்தது. எதிரே கார்முகில் ஓடினாள். கார்முகிலின் தோளிலிருந்து கடலைச் செடிவரை சிவப்பும் மஞ்சளும் பச்சையும் இறங்கி நின்றன.

"அங்கயே நில்லு. அசையாத" என்று கத்தினாள் ஷர்லி.

அடுத்த சுற்றுத் தண்ணீர் வந்தது. மறுபடியும் நிறம் வந்தது. வாயால் ஊதியது போல இல்லை, வீட்டு ரப்பர் குழாயில் வந்தது போலவும் இல்லை. ஆள் நிற்கிற மாதிரி இருந்தது.

ஷர்லி நேராக ஆண்டிச்சாமியிடம் போனாள். அவர் மோட்டார் ரூம் வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்கும் சாயங்காலம் இதே எடத்துல தண்ணி விடுவீங்களா?"

"நாளைக்கு எதுக்கு இங்க? மேலக்காட்டுக்கு மாத்தணும்."

"மேலக்காட்டுல மேற்க மரம் அடைச்சிருக்கு மாமா. வெயில் வராது."

ஆண்டிச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி பாய்ச்ச வெயில் எதுக்கும்மா?"

ஷர்லி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சைக்கிள், ஜல்லி, மாவுக்கட்டு, டிப்பர் லாரி எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. இருந்தாலும் காட்டு வேலை காட்டு வேலைதானே.

"நாளைக்கு மேலக்காடு நனையலேன்னா செடி செத்துரும். வெள்ளிக்கிழமை வேணா கீழ்த்துண்டுக்குக் கொண்டாரலாம். அங்கிட்டு மேற்க மரம் இல்ல. ஆனா குழாயெல்லாம் கழட்டி மாட்டணும். எனக்கு ஆள் இல்ல."

"நாங்க தூக்குறோம்" என்றாள் ஷர்லி.

"நாங்களா?" என்றாள் கார்முகில், சொட்டச் சொட்ட.

"மோட்டாருக்கு வர்ற த்ரீபேஸ் கரண்ட் ஆறு மணி வரைக்குந்தான். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார் ஆண்டிச்சாமி.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் பையை வரப்பில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு குழாயும் இரண்டு ஆள் நீளம். ஆளுக்கொரு முனை பிடித்துச் சேற்றில் வழுக்கி வழுக்கித் தூக்கினார்கள். ஆண்டிச்சாமி மாட்டிக்கொண்டே வந்தார். கடைசிக் குழாயைப் போட்டபோது ஷர்லியின் உள்ளங்கை சிவந்து எரிந்தது.

ஷர்லி சொல்லி வைத்திருந்தபடி ஐந்து மணிக்கு அப்பா மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியுடன் பின்னால் வந்தாள். சாரல் பட்டுவிடாமல் இருக்க அவள் மாவுக்கட்டுக்கு மேல் உரச்சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். நாற்காலியை வரப்பில் கிழக்குப் பார்த்துப் போட்டு அவனை உட்கார வைத்தார்கள். ஆண்டிச்சாமி மோட்டாரைப் போட்டார். தண்ணீர் சீறிக்கொண்டு கிளம்பியது.

நிறம் ஒன்றும் வரவில்லை.

ஷர்லி திரும்பிப் பார்த்தாள். மூன்று வாரமாக எட்டிப் பார்க்காத மேகம் ஒன்று, சரியாக அன்றைக்குப் பார்த்து மேற்கே சூரியனை மூடிக்கொண்டு நின்றது.

"சும்மா தண்ணிதான் வருது" என்றான் ஜெபக்குமார்.

"பொறுடா."

ஐந்தேகால் ஆனது. ஐந்தரை ஆனது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. ஷர்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு நாள் அவளிடம் இல்லை. விடிந்தால் கட்டுப் பிரித்துவிடுவார்கள்.

ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது மேகத்தின் அடி விளிம்பு வழியாகச் சூரியன் இறங்கியது. கடலைக்காடு முழுக்க வெயில் விழுந்தது. தண்ணீர் சுற்றி வந்தது.

ஜெபக்குமார் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா. கால் நிக்குது. செடி மேல நிக்குது."

"எங்கிட்டு? நீ சொல்லு, நான் போறேன்" என்றாள் ஷர்லி. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"இங்கிட்டு. இல்ல, அங்கிட்டு. இன்னும் ரெண்டு எட்டு. ஐயோ, தாண்டிட்ட. திரும்பி வா."

தண்ணீர் முகத்தில் அறைந்தது. ஷர்லி கண்ணை இடுக்கிக்கொண்டு அவன் சொன்ன பக்கமெல்லாம் போனாள்.

"நில்லு" என்றான்.

நின்றாள். தண்ணீர் சுற்றி வந்து அவளைக் கடந்து போனது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒன் மேல நிக்குது. ஒன் கையெல்லாம் பச்சையா இருக்கு. நீ அதுக்குள்ளதான் நிக்கிற."

அவன் நாற்காலியில் எம்பி எம்பிக் கத்தினான். நாலு வாரமாக அவன் இப்படிச் சந்தோஷப்பட்டு யாரும் பார்க்கவில்லை. ஷர்லிக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

"ஒனக்குத் தெரியுதா?" என்று கேட்டான்.

ஷர்லி தன் கையைப் பார்த்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். தெரியுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"இல்லடா. எனக்கு வெறும் தண்ணிதான் தெரியுது."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல. ஒனக்குத்தான் தெரியும். நீ இங்க வந்து நின்னா ஒனக்கும் தெரியாது."

ஜெபக்குமார் அப்பாவைப் பார்த்தான். "அப்பா, நீங்க போங்க" என்றான். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றார். "எனக்கும் ஒண்ணும் தெரியலப்பா" என்றார். கார்முகில் போய் நின்றாள். அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆண்டிச்சாமியையும் அனுப்பினான். அவர் தன் சொந்தக் கடலைக்காட்டில் தொப்பலாக நனைந்து நின்று, "அடப்போப்பா, எனக்குக் குளிருதான் தெரியுது" என்றார். வரப்பில் நாற்காலியில் இருந்த ஜெபக்குமாருக்கு அவர் வேட்டி ஏழு நிறமாகத் தெரிந்தது.

சரியாக ஆறு மணிக்குக் கரண்ட் போனது. தண்ணீர் தாழ்ந்து தாழ்ந்து நின்றது. நிறமும் போனது.

ஷர்லி ஈரத்தோடு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். பாவாடையைப் பிழிந்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்குக் கட்டுப் பிரிச்சதும் ரோட்டுக்கு அங்கிட்டுப் போவியாடா?"

"எதுக்கு?" என்றான் ஜெபக்குமார். அவனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "அங்க போய் நின்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல. மழை வந்தா நீ போய் நில்லு. நான் வீட்டுல இருந்து பாத்துச் சொல்றேன்."